வௌவாலுக்கு ஒரு வீடு: கொல்லைப்புறத்தில் பெட்டி செய்து மாட்டும் முறை

அமெரிக்காவிலும் கனடாவிலும் தோட்டப் பொருள் விற்கும் கடைகளில், வௌவால் வீடு என்ற பெயரில் கைக்கு அடக்கமான மரப்பெட்டி ஒன்று கிடைக்கிறது. விலை குறைவு, பார்க்கவும் அழகு. வாங்கியவர்கள் ஆசையோடு கொல்லையில் நிற்கும் மேப்பிள் மரத்தில் அதை மாட்டிவைக்கிறார்கள். ஒரு கோடை போகிறது, இரண்டு கோடை போகிறது, ஒரு வௌவாலும் எட்டிப் பார்ப்பதில்லை. பெட்டி போதிய அளவில் இல்லை. மரநிழலில் குளிர்ந்து கிடக்கிறது. பறந்து வந்து நுழையும் வழியைக் கிளைகள் மறைக்கின்றன. வராததற்கு இந்தக் காரணங்களே போதும்.

வட அமெரிக்காவில் சொந்தக் கொல்லைப்புறம் உள்ள தமிழ் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். தச்சு வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பலகையை அளந்து அறுக்கவும் திருகாணி முடுக்கவும் தெரிந்தால் போதும். ஆனால் ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: இந்தப் பெட்டியின் உயரம், நிறம், இடைவெளி, மாட்டும் திசை எல்லாமே வெப்பத்தை ஒட்டியவை. அது புரிந்துவிட்டால் மற்ற அளவுகளை மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.

யாருக்காக இந்த வீடு

நம் ஊரில் வௌவால் என்றதும் ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னிகள் நினைவுக்கு வரும். அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் கிராமங்கள்கூடத் தமிழ்நாட்டில் உண்டு. பெட்டிக்குள் குடிவருபவை அந்த வகை அல்ல. பாழடைந்த மண்டபங்களின் கல் இடுக்குகளில் ஒடுங்கியிருக்குமே, அந்தச் சின்னஞ்சிறு பூச்சியுண்ணிகளின் உறவினர்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 40-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. எல்லாம் பெட்டிக்கு வருவதில்லை. செவ்வௌவால் போன்றவை இலைக்கொத்துகளில் தனியாகத் தொங்கி வாழ்பவை. அவற்றுக்குப் பெட்டியால் பயனில்லை. வடக்கிலும் நடுப்பகுதியிலும் பெரும்பாலும் வருபவை சின்னப் பழுப்பு வௌவாலும் பெரிய பழுப்பு வௌவாலும். தெற்கே டெக்சாஸ், புளோரிடா பக்கம் மெக்சிகன் ஃப்ரீ டெய்ல்ட் வௌவாலும் ஈவினிங் வௌவாலும் வரும். இவை பட்டை உரிந்த முதுமரங்களின் இடுக்கில் இருந்தவை. அத்தகைய மரங்கள் குறையக் குறைய, பழைய களஞ்சியங்களுக்கும் வீட்டுப் பரண்களுக்கும் வந்து சேர்ந்தன. இப்போது பரண்களையும் நாம் அடைத்துவிடுகிறோம்.

இதற்கு மேல் ஒரு பேரிழப்பும் நேர்ந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி நகரை அடுத்த குகையொன்றில், மூக்கில் வெண்பூஞ்சை படிந்த வௌவால்கள் முதன்முதலாகக் காணப்பட்டன. குளிரில் வளரும் அந்தப் பூஞ்சை, குளிர்காலம் முழுதும் உறங்க வேண்டிய வௌவாலை இடையிடையே எழுப்பிவிடுகிறது. எழுந்த ஒவ்வொரு முறையும் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பு கரைகிறது. வெளியே உண்ணப் பூச்சி இல்லாத காலத்தில் அது பட்டினியால் சாகிறது. வெண்மூக்கு நோய் என்னும் இதற்கு இலட்சக்கணக்கான வௌவால்கள் பலியாகிவிட்டன. ஒரு காலத்தில் எங்கும் பறந்த சின்னப் பழுப்பு வௌவாலைக் கிழக்கு மாநிலங்களில் இன்று காண்பதே அரிதாகிவிட்டது. நம் பெட்டி இந்த நோயைத் தீர்க்காது. ஆனால் பிழைத்த பெண் வௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். சில இனங்கள் இரண்டு ஈனும். அந்த ஒரு குட்டியை நல்லபடியாக வளர்த்தெடுக்க இடம் கிடைப்பது சிறிய உதவி அல்ல.

வெப்பம்தான் எல்லாம்

பெட்டியைத் தேடி வருபவை பெரும்பாலும் தாய் வௌவால்கள். இளவேனிலில் பல பெண்கள் ஒன்றுகூடி, கோடைத் தொடக்கத்தில் ஈன்று, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு குட்டிகளை வளர்க்கின்றன. பிறந்த குட்டிக்கு உடலில் முடி இருக்காது. இடம் குளிர்ந்திருந்தால் தாய் தன் உடல் வெப்பத்தைத் தணித்து ஒடுங்கிச் சக்தியை மிச்சப்படுத்தும். பால் சுரப்பு குறையும், குட்டியின் வளர்ச்சி தள்ளிப்போகும். இலையுதிர் காலத்துக்குள் பறக்கவும் இரை பிடிக்கவும் கற்காத குட்டி குளிர்காலத்தைத் தாண்டாது. அதனால் அவை தேடுவது 80 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 27 முதல் 38 செல்சியஸ் வரையிலான சூடு. மரநிழலில் மாட்டிய பெட்டி வெறுமையாகக் கிடப்பது இதனால்தான்.

அளவு மீறிய சூடும் ஆபத்தே. இதை முன்பு பலர் வலியுறுத்தவில்லை. 40 செல்சியஸைத் தாண்டினால் வௌவால்கள் தவிக்கின்றன. பறக்க முடியாத குட்டிகள் பெட்டியிலிருந்து விழுந்து சாகின்றன. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் பெட்டிகளுக்குள் வெப்பத்தை அளந்து, இந்த அபாயத்தைத் தொடர்ந்து எடுத்துச் சொல்லி வருகிறார்கள். ஆகவே நம் வேலை பெட்டியைச் சூடாக்குவதோடு முடியவில்லை. சூடு கூடினால் கீழே இறங்கவும் குறைந்தால் மேலே ஏறவும் வௌவாலுக்கு இடம் வேண்டும். உயரமான பெட்டியில் மேற்பகுதி வெதுவெதுப்பாகவும் அடிப்பகுதி சற்றுக் குளிர்ந்தும் இருக்கும். குட்டையான பெட்டியில் இந்தத் தேர்வே இல்லை. கடைப்பெட்டிகளை நான் பரிந்துரைக்காததற்கு முதற்காரணம் இதுதான்.

குறைந்தபட்ச உயரம் 20 அங்குலம், அகலம் 14 அங்குலம். இதற்கு மேல் எவ்வளவு கூடினாலும் நல்லது. உள்ளறையின் ஆழம் மட்டும் கூடக் கூடாது: முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரைதான். முதுகும் வயிறும் பலகையில் உரசும் அளவுக்கு நெருக்கமான இடுக்கையே இவை விரும்புகின்றன. இடைவெளி அகன்றால் குளவி கூடு கட்டும், பறவை நுழையும்.

பலகையும் கருவியும்

ஓர் அறை கொண்ட எளிய பெட்டியின் அளவைத் தருகிறேன். வௌவால் பாதுகாப்புக்காக 1982-இல் தொடங்கப்பட்ட பேட் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் அமைப்பு நெடுங்காலமாகப் பரப்பிவரும் வடிவம் இது. ஒரே பலகையில் துண்டுகூட வீணாகாமல் அமைந்துவிடும் என்பது இதன் சிறப்பு.

ஒரு பெட்டிக்கு வேண்டியவை: அரை அங்குலக் கனத்தில், 2 அடிக்கு 4 அடி அளவுள்ள வெளிப்புற உபயோகத்துக்கான பிளைவுட் பலகை ஒன்று, எட்டடி நீளச் சட்டம் ஒன்று, துருப்பிடிக்காத பூச்சுள்ள திருகாணிகள், நீரில் கரையும் அக்ரிலிக் வகை அடைப்புப் பசை ஒரு குழல், நீரில் கரையும் அடர்நிறச் சாயம், வெளிப்புறச் சுவருக்கான நீர்வண்ணம், கூரைக்கு 28 அங்குல நீளப் பலகை ஒன்று, அதன்மேல் பதியத் தகரமோ கூரை ஓட்டுத் துண்டோ. சட்டம் வாங்கும்போது கடையில் 1-க்கு 2 என்று எழுதியிருக்கும். அளந்து பார்த்தால் முக்கால் அங்குலக் கனமும் ஒன்றரை அங்குல அகலமும்தான் இருக்கும். நமக்கு வேண்டியதும் அந்த முக்கால் அங்குலமே.

நச்சு மருந்து ஏற்றிப் பதப்படுத்திய மரத்தைத் தொடவே வேண்டாம். வெளியே பல ஆண்டு நிற்கும் என்று கடைக்காரர் அதையே எடுத்துத் தரக்கூடும். அந்த மருந்து வௌவாலுக்குக் கேடு. எண்ணெய் கலந்த பெயின்டும் கூடாது.

பலகையை 24 அங்குல அகலம் மாறாமல் குறுக்கே மூன்றாக அறுக்க வேண்டும்:

பின்பலகை: 26.5 அங்குலம்
முன்பலகை, மேல்துண்டு: 16.5 அங்குலம்
முன்பலகை, கீழ்த்துண்டு: 5 அங்குலம்

கூட்டினால் சரியாக 48 அங்குலம். ரம்பத்தின் அறுவாயில் போகும் சிறு கனத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சட்டத்தை 24 அங்குலத்தில் ஒன்றும் 20¼ அங்குலத்தில் இரண்டுமாக அறுத்துக்கொள்ளுங்கள். ரம்பம் இல்லாதவர்களுக்குப் பெரிய கடைகள் பலவற்றில் அளவு சொன்னால் அறுத்துக் கொடுப்பார்கள்.

உட்புறத்தைச் சொரசொரப்பாக்குவது

புதிதாகச் செய்பவர்கள் பலர் இந்த வேலையைச் சுருக்கிவிடுகிறார்கள். வழவழப்பான பிளைவுட்டில் வௌவாலின் கால்நகம் பிடிக்காது. பிறந்து சில நாளே ஆன குட்டி சறுக்கி விழுந்தால் அதற்கு மீட்சி இல்லை. ஆகவே அறைக்குள் அமையும் பரப்பு முழுவதிலும், பின்பலகை கீழே நீண்டிருக்கும் பகுதியிலும் கிடைமட்டமாகக் கோடுகள் கீற வேண்டும். கோட்டின் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவு. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே கால் அங்குலம் முதல் அரை அங்குலம். கைரம்பத்தைப் படுக்கவைத்து இழுத்தாலே போதும். சற்று நேரம் பிடிக்கும், கை வலிக்கும். ஆனாலும் பிளாஸ்டிக் வலை அடிப்பதைவிட இதுவே எனக்கு நம்பிக்கையான வழி. வலை நாளடைவில் தொய்ந்து, அதில் வௌவால் சிக்கிக்கொள்ளும். வலைதான் வேண்டும் என்பவர்கள் கால் அங்குலத்துக்கு மிகாத கண்ணுள்ள கெட்டியான பிளாஸ்டிக் வலையை, இரண்டு அங்குலத்துக்கு ஒரு பின்னாக அடித்து இறுக்க வேண்டும். உலோக வலை சிறகைக் கிழிக்கும். அது ஒருபோதும் கூடாது.

கோடு கீறிய பரப்புகளுக்கு அடர்நிறச் சாயம் இரண்டு முறை பூசி உலரவிடுங்கள். இங்கே பெயின்ட் அடித்தால் கீறிய பள்ளம் நிரம்பிவிடும்.

பூட்டும் வரிசை

பின்பலகையைக் கோடு கீறிய பக்கம் மேலே தெரியும்படி தரையில் வையுங்கள். நீளமான சட்டத்தை மேல்விளிம்போடு ஒட்டிப் படுக்கவையுங்கள். குட்டைச் சட்டங்கள் இரண்டும் அதன் கீழிருந்து தொடங்கி இருபக்க விளிம்போரமாக இறங்கும். சட்டம் பதியும் இடமெங்கும் முதலில் பசையைப் பூசி, அதன்மேல் சட்டத்தை அமர்த்தித் திருகாணி முடுக்க வேண்டும். முன்கூட்டியே சிறு துளையிட்டுக்கொண்டால் சட்டம் பிளக்காது. ஆணி அடிக்காதீர்கள், வெயிலிலும் மழையிலும் மரம் விரிந்து சுருங்கும்போது ஆணி தளர்ந்துவிடும்.

அடுத்து முன்பலகையின் மேல்துண்டு. மேல்விளிம்பில் சரியாகப் பொருத்தி முடுக்குங்கள். அதன் கீழே அரை அங்குல இடைவெளி விட்டுக் கீழ்த்துண்டைப் பொருத்துங்கள். இந்த இடைவெளிதான் காற்றுவாய். இதற்கு மேலே சூடு தங்கும், கீழே காற்றோட்டம் இருக்கும். ஜூலை மாதச் சராசரிப் பகல் வெப்பம் 85 ஃபாரன்ஹீட்டை எட்டும் ஊர்களில் இது கட்டாயம். அதைவிடக் குளிர்ந்த ஊர்களில் இல்லாமலும் செய்வார்கள். கோடை ஆண்டுக்காண்டு கடுமையாகி வருவதால் எங்கே இருந்தாலும் காற்றுவாய் வைத்துவிடுங்கள் என்பேன்.

இப்போது பின்பலகை கீழே ஏறத்தாழ நான்கரை அங்குலம் நீண்டிருக்கும். பறந்து வரும் வௌவால் இதில் இறங்கி, ஊர்ந்து மேலேறி அறைக்குள் போகும். அடிப்பக்கம் முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து அங்கே பலகை வைத்து மூடினால் எச்சம் உள்ளேயே சேரும். எலியும் பறவையும் குடியேறும்.

மேல்விளிம்பு, பக்கவிளிம்பு, சட்டம் சேரும் மூலை எல்லாவற்றையும் பசையால் அடையுங்கள். மேலிருந்து நீர் கசிந்தாலும் சூடு கசிந்தாலும் பெட்டி பயனற்றுப்போகும். அதன்பின் வெளிப்புறத்துக்கு மூன்று பூச்சு வண்ணம். உச்சியில் 28 அங்குல நீளப் பலகை ஒன்றைச் சற்றுச் சரிவாகக் கூரையாக வைத்து, அதன்மேல் தகரமோ கூரை ஓட்டுத் துண்டோ பதியுங்கள். முடிந்ததும் வண்ண வாடை போகச் சில வாரம் காற்றாட விட்டுவிடுங்கள்.

நிறத்தைத் தேர்வது

வண்ணம் அழகுக்காக அன்று. உங்கள் ஊரின் ஜூலை மாதச் சராசரிப் பகல் வெப்பத்தை முதலில் பாருங்கள். 85 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே என்றால் கறுப்பு. மினசோட்டா, வெர்மான்ட் போன்ற இடங்கள் இதில் அடங்கும். 85 முதல் 95 வரை என்றால் அடர்பழுப்பு, அடர்பச்சை, சாம்பல். நியூ ஜெர்சியும் அட்லாண்டாவும் இங்கே வரும். 95 முதல் 100 வரை என்றால் நடுத்தர அல்லது வெளிர்நிறம்; டாலஸ், ஆஸ்டின் நகரங்களுக்கு இது பொருந்தும். 100-ஐத் தாண்டும் பீனிக்ஸ் போன்ற ஊர்களில் வெள்ளைதான். எல்லைக்கோட்டில் இருக்கும் ஊரில் ஒரு படி வெளிறிய நிறத்தையே எடுங்கள். குளிர்ந்த பெட்டியை வௌவால் ஒதுக்கிவிட்டுப் போகும். கொதிக்கும் பெட்டியில் குட்டி மாட்டிக்கொள்ளும். இரண்டில் எது கொடியது என்று யோசித்தால் முடிவு எளிது.

எங்கே மாட்டுவது

வீட்டுச் சுவர் அல்லது தனிக்கம்பம். இவை இரண்டும் நல்லவை. மரம் வேண்டாம்: நிழல், கிளைகளின் இடைஞ்சல் எல்லாம் போக, அணிலும் ரக்கூனும் பாம்பும் எளிதாக ஏறிவரும்.

ஓர் அறைப் பெட்டிக்குச் சுவரே பொருத்தம். மரச்சுவரும் செங்கற்சுவரும் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் கொஞ்சம் வைத்திருப்பதால் பெட்டி சட்டென்று குளிர்ந்துவிடாது. வட மாநிலங்களில் தெற்கு அல்லது தென்கிழக்குப் பார்த்த சுவர். தெற்கே வெப்பமான மாநிலங்களில் கிழக்கு வெயில் போதும். பிற்பகல் மேற்கு வெயிலைத் தவிருங்கள். பொதுவாக நாளில் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படுவது நல்லது. பெட்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 12 அடி முதல் 20 அடி உயரத்தில் இருக்கட்டும். 10 அடிக்குக் கீழே கட்டாயம் வேண்டாம். சுற்றிலும் 20 அடிக்குள் மரக்கிளை, கம்பி, கொடி எதுவும் இல்லாத இடமாகப் பாருங்கள். வௌவால் வெளியேறும்போது முதலில் கீழ்நோக்கி விழுந்து, பிறகே சிறகை விரித்து எழும். அதனால் பெட்டிக்கு அடியில் புதரோ ஏர் கண்டிஷனர் இயந்திரமோ இருக்கக் கூடாது.

எச்சம் விழும் என்பதையும் மறவாதீர்கள். வாசல், சன்னல், உட்காரும் மேடை இவற்றுக்கு நேர் மேலே மாட்டினால் ஒரே கோடையில் வீட்டாரின் அன்பு தீர்ந்துவிடும். இரவு முழுதும் எரியும் விளக்கு பெட்டியின்மேல் படக் கூடாது. கால் மைல் சுற்றுவட்டத்தில் ஓடையோ குளமோ இருந்தால் வாய்ப்பு வெகுவாகக் கூடும். குட்டிக்குப் பாலூட்டும் தாய்க்கு நிறையத் தண்ணீர் வேண்டும்.

உங்கள் குடியிருப்பில் வீட்டுரிமையாளர் சங்கம் இருந்தால், துளையிடுவதற்கு முன் அதன் விதிகளைப் பார்த்துவிடுங்கள். வௌவால் குடியேறிய பிறகு பெட்டியை அகற்றச் சொன்னால் சங்கடம் உங்களோடு நிற்காது.

கம்பத்தில் இரட்டைப் பெட்டி

சுவர் ஒத்துவராதவர்கள் தனிக்கம்பத்தில் மாட்டலாம். ஆனால் நான்கு பக்கமும் காற்று அடிக்கும் இடத்தில் ஓர் அறைப் பெட்டி தனியே நின்றால் அதன் சூடு நிலைக்காது. அதற்கு நல்ல தீர்வு உண்டு. மேலே சொன்ன பெட்டியை இரண்டாகச் செய்து, முதுகோடு முதுகாக முக்கால் அங்குல இடைவெளி விட்டு, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பொருத்துங்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு தகரக்கூரை போடுங்கள். நடுவில் உள்ள இடைவெளியே மூன்றாவது அறையாகிவிடும். அதற்காகப் பின்பலகைகளின் வெளிப்பக்கத்திலும் கோடு கீறிச் சாயம் பூசியிருக்க வேண்டும். வெயில் படும் பக்கம் சூடாகவும் மறுபக்கம் தணிந்தும் இருப்பதால், நேரத்துக்கு ஏற்ப வௌவால்கள் இடம் மாறிக்கொள்ளும். இடமும் பணமும் இருந்தால் எடுத்த எடுப்பில் இதையே செய்யுங்கள் என்பேன்.

கம்பங்களுக்கு 20 அடி இரும்புக் குழாயோ கனமான மரத்தூணோ எடுத்து, மூன்று நான்கு அடி ஆழம் குழிதோண்டி, கான்கிரீட் ஊற்றி நிறுத்த வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்கள் தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811 என்ற எண்ணை அழைத்துவிடுங்கள். எரிவாயுக் குழாய், மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று கட்டணமின்றி வந்து தரையில் குறித்துவிட்டுப் போவார்கள். ஏணி வேலைக்கு இருவர் வேண்டும். பாம்பும் ரக்கூனும் ஏறாமல் கம்பத்தின் நடுவில் வழவழப்பான தகரத்தைச் சுற்றிவிடுங்கள்.

அனுபவம் வந்த பிறகு நான்கு அறைப் பெட்டி செய்யலாம். கம்பத்தைச் சுற்றி நாற்புறமும் அறை அமையும் ராக்கெட் வடிவப் பெட்டியும் உண்டு. சூரியன் நகர நகர வௌவாலும் சுற்றி நகர்ந்துகொள்ள முடிவதால் ஆய்வாளர்கள் பலர் அதை விரும்புகிறார்கள். செய்வது கொஞ்சம் கடினம்.

காத்திருக்கும் காலம்

பெட்டியை மாட்ட ஏற்ற காலம் குளிர்காலத்தின் கடைசி. இளவேனிலில் திரும்பி வரும் வௌவால்கள் இடம் தேடும்போது அது தயாராக நிற்க வேண்டும். குடிவரக்கூடிய பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முதலிரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகின்றன. சிலவற்றுக்கு மூன்று முதல் ஐந்தாண்டு ஆகலாம். வேறிடத்து எச்சத்தை எடுத்துப் பெட்டியில் தடவுவது, மணமூட்டும் திரவம் வாங்கித் தெளிப்பது எல்லாம் வீண் செலவு. வேறெங்கோ பிடித்த வௌவாலைக் கொண்டுவந்து உள்ளே விடுவது அதைவிடத் தவறு. அது தன் பழைய இடத்துக்கே போய்விடும்.

கெய்ன்ஸ்வில் நகரில் புளோரிடா பல்கலைக்கழகம் இதைப் பெரிய அளவில் கண்டது. 1987-இல் அங்கே ஜான்சன் ஹால் எரிந்தபோது அதில் இருந்த வௌவால்கள் விளையாட்டரங்குக்கு இடம்பெயர்ந்தன. நாற்றம் தாங்காமல் 1991-இல் அவற்றுக்கென ஒரு வீடு கட்டி, பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். எல்லாம் பறந்துவிட்டன. வீடு மூன்றாண்டுக்கு மேல் காலியாகவே நின்றது. 1995 இளவேனிலில் அவை தாமாகவே வந்து குடியேறின. இன்று அங்கே இலட்சக்கணக்கில் வாழ்கின்றன. மாலையில் அவை கிளம்புவதைக் காண மக்கள் கூடுகிறார்கள்.

மூன்று கோடை போயும் எவையும் வராவிட்டால் பெட்டியைப் பிரித்தெறியாதீர்கள். வெயில் கூடுதலாக விழும் இடத்துக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது நிறத்தை மாற்றுங்கள். வந்திருக்கிறதா என்று அறிய உள்ளே விளக்கடித்துப் பார்க்க வேண்டியதில்லை. பெட்டிக்கு நேர் கீழே அரிசிமணி அளவில் கருநிற எச்சம் கிடக்கும். எலிப்புழுக்கையோ என்று ஐயம் எழுந்தால் ஒரு குச்சியால் அழுத்துங்கள். வௌவால் எச்சம் பொடிப்பொடியாக உதிர்ந்து, பூச்சி ஓடுகள் மினுமினுக்கும். எலிப்புழுக்கை கெட்டியாக இருக்கும்.

கொசுவுக்காகவா?

ஒரு வௌவால் மணிக்கு ஆயிரம் கொசு தின்னும் என்று பெட்டியின் அட்டையிலேயே அச்சிட்டு விற்கிறார்கள். சிறிய அறைக்குள் கொசுக்களை விட்டு நடத்திய சோதனையில், சில நிமிடங்களில் பிடித்ததைப் பெருக்கிச் சொன்ன எண் அது. வெட்டவெளியில் வௌவால் கிடைப்பதைத் தின்னும். பெரிய பழுப்பு வௌவாலுக்கு வண்டுகள்மேல்தான் விருப்பம். சின்னப் பழுப்பு வௌவால் கொசுவையும் தின்னும், இன்னும் பல சிறு பூச்சிகளையும் தின்னும்.

கொசுவை நம்பிக் கட்டியவர்களின் கதை பழையது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் சார்லஸ் கேம்பல் என்ற மருத்துவர் மலேரியாவை ஒழிக்க எண்ணி 1911-இல் மிட்செல் ஏரிக்கரையில் வௌவால் கோபுரம் எழுப்பினார். அவருடைய திட்டத்தை வாங்கி, ரிக்டர் பெர்க்கி என்ற நிலவணிகர் 1929-இல் புளோரிடாவின் சுகர்லோஃப் கீ தீவில், கொசுத்தொல்லை இல்லாத உல்லாச விடுதி அமைக்கும் கனவோடு ஒரு கோபுரம் கட்டினார். வௌவால் குடியேறவே இல்லை. 2017-இல் இர்மா புயலில் சாயும்வரை அது வெறுமையாகவே நின்றது. தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதுதான் கொசுவுக்கு மருந்து. வயல்களில் பயிரைத் தின்னும் அந்துப்பூச்சிகளை இவை தின்று தீர்ப்பது வேறு கணக்கு. 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, அதன் மதிப்பு அமெரிக்க வேளாண்மைக்கு ஆண்டுதோறும் குறைந்தது 370 கோடி டாலர் என மதிப்பிட்டது.

கொல்லையில் பூச்சிமருந்து தெளிப்பவர்கள் பெட்டி மாட்ட வேண்டாம். உணவை நஞ்சாக்கிவிட்டு விருந்துக்கு அழைப்பதில் பொருளில்லை.

ரேபிஸ் பற்றிக் கட்டாயம் தெரிய வேண்டியது

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, ஆனால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். வௌவால்களில் மிகச் சிலவற்றுக்கே ரேபிஸ் இருக்கிறது. இருந்தாலும் அமெரிக்காவில் ரேபிஸால் இறக்கும் ஒருசிலரில் பெரும்பாலோருக்கு நோய் வந்த வழி வௌவால்தான். அறிகுறி தோன்றிய பிறகு இந்நோய்க்குச் சிகிச்சை இல்லை. அதற்கு முன் தடுப்பூசி போட்டுக்கொண்டால் முழுப் பாதுகாப்பு. ஆகவே வௌவாலை வெறுங்கையால் ஒருபோதும் தொடாதீர்கள். பகலில் தரையில் கிடப்பது நோயுற்றதாக இருக்கலாம். குழந்தைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். பல் பட்ட தடம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருக்கும். அதனால் தூங்கி எழுந்த அறையில் வௌவால் இருந்தாலும், பேசத் தெரியாத குழந்தையின் அருகில் கண்டாலும், கடிக்கவில்லை என்று தோன்றினாலும், மாவட்டச் சுகாதாரத் துறையை அழைத்துக் கேளுங்கள். வீட்டுப் பூனைக்கும் நாய்க்கும் ரேபிஸ் ஊசி தவறக் கூடாது. பூனையைப் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் வௌவாலுக்கும் நல்லது. பெட்டியின் அடியில் காத்திருக்கும் பூனையைவிடக் கொடிய எதிரி அதற்கு இல்லை.

பெட்டி மாட்டுவதால் இந்த அபாயம் கூடிவிடாது. மேலே சொன்ன விதிகளைக் கடைப்பிடித்தால் போதும். எச்சத்தை அள்ளும்போது மட்டும் நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து அள்ளுங்கள். அதில் வளரும் பூஞ்சைத் தூள் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. அள்ளிய எச்சம் பூச்செடிகளுக்கு நல்ல உரம்.

பரணில் ஏற்கெனவே வௌவால் இருந்தால்

இந்த நிலையில் உள்ளவர்களுக்குத்தான் பெட்டி மிக விரைவாகக் கைகொடுக்கும். ஆனால் வரிசை முக்கியம். முதலில், அவை வந்துபோகும் துளைக்கு அருகிலேயே பெட்டியை மாட்டி, சில வாரமாவது பழகவிடுங்கள். பிறகு அந்தத் துளையில், வெளியேறலாம் ஆனால் திரும்ப நுழைய முடியாது என்ற வகையில் ஒருவழி வலையோ குழாயோ பொருத்துங்கள். எல்லாம் வெளியேறியதை உறுதிசெய்த பிறகு துளையை அடையுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை இதைச் செய்யவே கூடாது. தாய் வெளியே தவிக்க, பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளே பட்டினியால் இறக்கும். பல மாநிலங்களில் சட்டமும் இதைத் தடுக்கிறது. உறக்கத்தில் இருக்கும் குளிர்காலத்திலும் வேண்டாம்.

குடிவந்த பிறகு

கடும் வெயில் நாள்களில் பிற்பகலில் ஒருமுறை தொலைவிலிருந்து பாருங்கள். காற்றுவாயிலும் அடிவிளிம்பிலும் வௌவால்கள் நெருக்கியடித்து வெளியே தொங்கினால் உள்ளே சூடு தாங்கவில்லை என்று பொருள். குட்டி இருக்கும் நேரத்தில் பெட்டியை அசைக்காதீர்கள். குளிர்காலத்தில் நிறத்தை வெளிறச் செய்து, வேறு வெயில் நிலையில் இன்னொரு பெட்டி மாட்டுங்கள். குட்டி தரையில் விழுந்து கிடந்தால் உரிமம் பெற்ற வனவிலங்குப் பராமரிப்பாளரை அழையுங்கள்.

ஜூன் மாதத்தில், குட்டிகள் பறக்கத் தொடங்குவதற்கு முன், சூரியன் மறைந்ததிலிருந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து வெளிவரும் வௌவால்களை எண்ணி எழுதிவையுங்கள். பென்சில்வேனியா, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களின் வனவிலங்குத் துறைகள் இந்த எண்ணிக்கையைப் பொதுமக்களிடமிருந்து பெற்றிருக்கின்றன. வெண்மூக்கு நோய்க்குப் பின் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று அறிய இது உதவுகிறது. உங்கள் மாநிலத்தில் என்ன ஏற்பாடு என்று கேட்டுப் பாருங்கள்.

பராமரிப்பு வேலை எல்லாம் பெட்டி காலியாக இருக்கும் குளிர்காலத்தில்தான். பழைய குளவிக்கூட்டைச் சுரண்டி எடுங்கள், விலகிய இணைப்பில் பசை போடுங்கள், தளர்ந்த திருகாணியை முடுக்குங்கள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வண்ணம் பூசுங்கள். தெற்கு மாநிலங்களில் சில வௌவால்கள் குளிர்காலத்திலும் தங்கும்; ஏணி வைப்பதற்கு முன் கீழே புதிய எச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சின்னப் பழுப்பு வௌவால் 30 ஆண்டுக்கு மேலும் வாழ்ந்ததற்குப் பதிவு உண்டு. பெண்கள் ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பும். பலகை அதுவரை நிற்காது. பெட்டி பழசாகிவிட்டால் புதியதை அதன் அருகிலேயே மாட்டி, அவை அதில் புழங்கத் தொடங்கிய பிறகே பழையதைக் கழற்றுங்கள்.